நாலாம் வளையம்

மூன்று தரம் அறுந்தது தங்கூசி.
மூன்று தரமும் பண்ணைப் பாலத்தில்,
மூன்று தரமும் மீன் கொளுவியிருந்தபோது.
கடைசியாய்ப் போனது சீலா என்று நினைக்கிறேன்.
முகம் காட்டாமல் போனதை
என்னவென்றும் சொல்லலாம்.

விடிந்ததும் குருநகருக்குப் போய்
எமிலியானின் கடை வாசலில்
சனத்துக்கு முன்னால் கத்தினேன்:
வெயிலில் கிடந்து இத்துப்போன நூலை
என் தலையில் கட்டிப்போட்டீர்.
அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு
எண்ணூற்றைம்பது ரூபாயை மேசையில் வைத்தார்.
ஒரு சொல் கதைக்கவில்லை.
குற்றம் உள்ள நெஞ்சு என்று நினைத்து
காசை எடுத்துக்கொண்டு வந்தேன்.

எனக்குத் தொழில் பல்செட் கட்டுவது.
ஆஸ்பத்திரி வீதியில், மாடிப்படிக்குக் கீழே,
மெழுகு மணக்கிற ஓர் அறை.
ஊரின் பாதி வாய்கள்
அங்கே தட்டுகளில் காய்ந்துகொண்டிருக்கும்.

ஞாயிறு பின்னேரம் மழை.
வெளிக்கிட வழியில்லாமல் தடியைத் துடைத்தேன்.
ஏழு வளையம்.
அடியில் காப்புப் போல அகன்று
நுனிக்குப் போகப் போக மூக்குவளையமாய்ச் சிறுக்கிறவை.
கண்ணுக்கு எல்லாம் சுகம்.
விரலுக்கும் சுகம்.
பிறகு, கைப்பழக்கத்தில்,
பஞ்சைத் திரித்து ஒவ்வொன்றுக்குள்ளும் விட்டு இழுத்தேன்,
முரசைக் குத்துமோ என்று
பல்செட்டின் விளிம்பைப் பார்க்கிற மாதிரி.

ஒன்று, இரண்டு, மூன்று. வழுக்கி வந்தது.
நாலில் நின்றது.
பிடுங்கினால்
ஒரு வெள்ளை நார் மட்டும் வராமல் நின்று
ஒன்றுமில்லாத இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆடியது.

பூதக்கண்ணாடிக்குக் கீழே,
பீங்கான் உள்வளையத்தில்
தலைமயிரின் பாதி அகலத்துக்கு ஒரு வெடிப்பு.
ஒரு கரை சற்றே எழும்பியிருந்தது.
பல் கட்டுகிறவளின் தடியில்
பல் முளைத்திருக்கிறது!

மாற்று வளையம் எங்கே கிடைக்கும்?
உடைந்த தடிகளில் கழற்றியதையெல்லாம்
பிஸ்கட் ரின்னில் சேர்த்து வைத்திருப்பது
எனக்குத் தெரிந்து ஒரே ஆள்தான்.
கொழும்பு பஸ்ஸில் எடுப்பிக்கலாமா என்று
மூன்று நாள் விசாரித்தேன்.
நாலாம் நாள்
உடைந்ததைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டு போனேன்.

எமிலியான் காதில் செருகியிருந்த பஞ்சை எடுத்தார்.
வளையத்துக்குள் விட்டார், இழுத்தார்.
நின்றுபோன பஞ்சை
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
"வளையம் சும்மா" என்றார், ரின்னைக் கிண்டியபடி,
"தங்கூசிக்கு எண்ணூற்றைம்பது."
கொடுத்தேன். எண்ணினார்.
இன்னொருக்காலும் எண்ணினார்.

பிளேட்டால் பழைய கட்டைக் கீறி
தடியில் கீறல் விழாமல் உரித்தேன்.
புதியதின் காலை அரத்தில் தேய்த்து
நூல் ஏறும்படி சரிவாக்கினேன்.
ஒற்றைக் கண்ணை மூடி
முன்வளையத்தோடும் பின்வளையத்தோடும் நேர்பார்த்தேன்.
கறுப்பு நூல் இருந்தது. சிவப்பில் கட்டினேன்.
பழைய ரெலிபோன் புத்தகத்துக்குள்ளால் நூலை விட்டு
மேலே அம்மிக் குழவியை வைத்து
தடியை உருட்ட உருட்ட
சுற்றோடு சுற்று நெருங்கி வந்து உட்கார்ந்தது.

பசை பூசினால் படுக்க முடியாது.
விட்டால் ஒரு பக்கமாய் வடிந்து தொங்கும்.
இரண்டு கதிரைகளின் முதுகில் தடியைக் கிடத்தி
ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால்
கால்வாசி, கால்வாசியாய்த் திருப்பினேன்.
நடுவில் கரண்ட் போனது.
இருட்டில் முந்நூறு வரை எண்ணித் திருப்பினேன்.
சந்தேகம் வந்து
இன்னொருக்காலும் எண்ணினேன்.

சனிக்கிழமை பண்ணையில் வாடை.
எறிந்தேன்.
ஊர்காவற்றுறை பஸ் இரைந்து போன பிறகுதான்
வளையங்களுக்குள்ளால் நூல் ஓடுவது கேட்டது.
ஒரு மணலைகூடக் கடிக்கவில்லை.

நாலு தடி தள்ளி எமிலியான்.
"நூல் என்ன மாதிரி?" என்றார்,
தண்ணீரைப் பார்த்தபடி.

"நல்ல நூல்" என்றேன்,
பாலத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க.